ரேடியோ கரகரக்காத மோட்டார்

1. சூட்டுப் பெட்டி

பிள்ளைகளே, நான் வேலையில் செய்த பெரிய தப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுபதுகளின் கடைசி. செங்கல்பட்டு பஜாரில் எரிந்த மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற ரீவைண்டிங் கடையில் எனக்கு அது மூன்றாவது வருஷம். ஒரு திங்கட்கிழமை மத்தியானம், வார்னிஷ் காயவைக்கும் சூட்டுப் பெட்டியைத் திறந்தேன். இரண்டு பம்ப்செட் மோட்டாருக்கு நடுவில் கைப்பிடிக்குள் அடங்குகிற ஒரு குட்டி மோட்டார் இருந்தது. அதன் வெள்ளை பிளாஸ்டிக் மூடி மெழுகு மாதிரி உருகி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஷாஃப்டைத் திருகிப் பார்த்தேன். அசையவில்லை.

அது ஒரு ரிமோட் காரின் மோட்டார். பந்தயத்துக்கு ஓட்டுகிற கார். சிங்கப்பூரிலிருந்து வந்தது. ஊரில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று கிடையாது.

எங்கள் கடையில் ஒரு பழக்கம் உண்டு. எந்த மோட்டார் வந்தாலும் வார்னிஷில் முக்கிச் சூடு காட்டாமல் வெளியே அனுப்ப மாட்டோம். கிணற்று மேட்டில் மழையிலும் சேற்றிலும் ஓடுகிற மோட்டாருக்கு அதுதான் உயிர். அந்தக் குட்டி மோட்டாருக்குள் மணல் போயிருந்தது. பெட்ரோலில் அலசினேன், மணல் வந்துவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். கை சும்மா இருக்கவில்லை. மேலே பருப்பு மாதிரி மூன்று சின்னப் பொருள்களை ஈயம் வைத்து ஒட்டியிருந்தார்கள். அவை வார்னிஷில் கெட்டுவிடும் என்று வெட்டி ஒரு மூடியில் போட்டுவிட்டு, மோட்டாரை முழுசாக முக்கினேன்.

முதலாளி மதுராந்தகத்தில் ஒரு போர்வெல்லில் மோட்டார் இறக்கிவிட்டு வந்தார். பார்த்தார்.

"இதுக்கு எவன்டா வார்னிஷ் வெக்கச் சொன்னது?"

"எல்லாத்துக்கும் வெக்கணும்னு நீங்கதான் மொதலாளி..."

"எல்லாத்துக்கும்னா? நாளைக்கு உனக்குக் கொழந்த பொறந்தா அதையும் முக்கி எடுப்பியா?"

உங்களில் பெரியவள் அப்போது உங்கள் அம்மா வயிற்றில் ஏழு மாதம். முதலாளி அடுத்துச் சொன்னதுதான் என்னை உட்காரவைத்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தக் கார் ஓட வேண்டும். ஓடாவிட்டால் திங்கட்கிழமை கடைப் பக்கம் வராதே. நடந்தது பாய்க்குத் தெரியவும் கூடாது.

2. நடுவில் ஒன்றும் இல்லை

பாய் என்றால் ரஹீம் பாய். எங்கள் கடைக்கு நாலு கடை தள்ளிப் பாத்திரக் கடை வைத்திருந்தார். நல்ல உயரம், நல்ல பருமன், யாரிடமும் அதிகம் பேசாதவர். அவருடைய மனைவியின் தம்பி சலீம் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். ஒரு மாத லீவில் வந்தவர் இரண்டு கார் கொண்டுவந்தார். ஒன்று தனக்கு, ஒன்று மச்சானுக்கு.

ரஹீம் பாய் வண்டியைக் கொடுக்க வந்த அன்று, எங்கள் சந்திலேயே ஓட்டிக் காட்டினார். அவர் கையில் ஒரு பெட்டி, அதில் நீளமாக ஒரு ஏரியல். இருபது அடி தள்ளித் தரையில் கார். பெட்டியில் ஒரு குச்சியை அசைத்தார், காரின் சக்கரம் திரும்பியது. இன்னொன்றை அசைத்தார், கார் கிளம்பியது. நான் பாயின் கையையும் காரையும் மாறி மாறிப் பார்த்தேன். நடுவில் ஒன்றும் இல்லை. வெறும் காற்று. மூன்று வருஷமாகக் கரண்ட் என்றால் கம்பிக்குள் போகும் என்று நம்பிக் கம்பி சுற்றியவன் நான். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அதனால்தான் பிள்ளைகளே, முதலாளி சொன்னபடி மறைக்க என்னால் முடியவில்லை. அப்படிப்பட்ட பொருளைக் கெடுத்துவிட்டு அதன் சொந்தக்காரரிடமே பொய் சொல்ல நாக்கு வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் பாத்திரக் கடைக்குப் போய் உருகின மோட்டாரை அவர் மேஜையில் வைத்தேன். கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"சலீம் குடுத்த பொருள்ப்பா இது," என்றார். "அடுத்த வெள்ளிக்கெழம அவன் ஏரோப்ளேன் ஏறிடுவான். அது வரைக்கும் ஓடணும். அவன் போனப்புறம் ஒடஞ்சா கூடப் பரவால்ல."

ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் இருவருக்கும் போட்டி. தோற்றவர் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் பிரியாணி பரிமாற வேண்டும் என்று பேச்சு. அதுவரை சலீமிடம் வாயைத் திறக்காதே என்று சொல்லி, சென்னை பர்மா பஜாரில் தனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரருக்குச் சீட்டு எழுதி, அளவு காட்ட அந்த மோட்டாரையும் என்னிடமே கொடுத்தார்.

3. ஆறு மோட்டார்

மின்சார ரயில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்கினேன். கடைக்காரர் ஒரு அட்டைப் பெட்டியைத் தள்ளினார். அதே அளவில் ஆறு மோட்டார். கழற்றினவை, புதியவை, எல்லாம் கலந்து கிடந்தன.

பம்ப்செட்டுக்கு நாங்கள் பார்க்கிற மாதிரியே பார்த்தேன். ஷாஃப்டைப் பிடித்து ஆட்டினேன், ஆட்டம் இருந்தால் அதைத் தாங்குகிற புஷ் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். விரலால் மெதுவாகச் சுற்றினேன். உள்ளே காந்தம் இருப்பதால் படி ஏறி இறங்குகிற மாதிரி விட்டுவிட்டுச் சுற்றும். அந்தப் படிகள் ஒரே சீராக இருக்க வேண்டும். பிறகு இரண்டு டார்ச் செல் கொடுத்து ஓடவிட்டு, ஸ்குரூடிரைவரின் முனையை மோட்டாரில் வைத்துப் பிடியைக் காதில் வைத்து உள்சத்தம் கேட்டேன்.

கடைக்காரர் பீடியை எடுத்துவிட்டுக் கேட்டார்: "மோட்டார் வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?"

ஆறையும் கொண்டுபோ, வேண்டாததைப் பாயிடம் கொடு, நான் வாங்கிக்கொள்கிறேன் என்று அனுப்பிவிட்டார். பார்த்த வரிசையில் ஆறுக்கும் நம்பர் போட்டுக்கொண்டு, ரயிலிலேயே நான் முடிவு செய்துவிட்டேன். நாலாம் நம்பர்தான். ஆறில் அதற்குத்தான் வேகம் அதிகம். கொசு காதோரம் போகிற மாதிரி கூவியது.

புதன்கிழமை அதைக் காரில் பூட்டி, பாயைக் கூட்டி வந்து சந்தில் ஓட்டச் சொன்னேன். கார் பாய்ந்தது. பத்து அடி போனதும் தானாக இடது பக்கம் திரும்பியது. பாய் வலது பக்கம் குச்சியைத் தள்ள, அது உடம்பு உதறுகிற மாதிரி உதறிக்கொண்டு போய்ச் சாக்கடையில் விழுந்தது.

"நா இன்னா சொல்றேன், அது இன்னா செய்யுது?" என்றார் பாய். கோபமாக இல்லை. பயந்த மாதிரி.

எடுத்துக் கழுவித் துடைத்து, நிற்கவைத்துப் பார்த்தேன். நிற்கும்போது சக்கரம் சொன்னபடி திரும்பியது. மோட்டாரை ஓட்டினால்தான் கிறுக்குப் பிடித்தது. ஸ்டியரிங்குக்கும் இந்த மோட்டாருக்கும் சம்பந்தமே இல்லை. அது தனி, இது தனி. மூன்று தடவை கழற்றிப் பூட்டினேன். அதே கதை.

4. டீக்கடை மணியின் டிரான்சிஸ்டர்

எங்களுக்கு எதிரில் டீக்கடை மணி. அவன் கடையில் நாள் முழுக்க டிரான்சிஸ்டர் ரேடியோ பாடும். நாங்கள் மிக்சியோ கைட்ரில்லோ டெஸ்ட் செய்தால் பாட்டு கரகரவென்று ஆகிவிடும். உள்ளே உரசிக்கொண்டே கரண்ட் கொடுக்கிற கார்பன் பிரஷ் வைத்த மோட்டார் எல்லாம் அப்படித்தான். மணி கத்துவான், நாங்கள் நிறுத்திவிட்டு அவன் பாட்டு முடிந்த பிறகு ஓட்டுவோம். அது தினம் நடக்கிற சண்டை.

வியாழக்கிழமை காலை நாஸ்தா நேரம். நான் நாலாவது தடவையாகக் காரை ஓட்டினேன். மணி கரண்டியோடு வெளியே வந்தான்.

"மச்சான், உனுக்குப் புண்ணியமாப் போவும், அந்த எயவ நிறுத்து. மிக்சி கூடத் தேவல, இது ரேடியோவையே முழுங்கிகினு கீது."

நான் காரைப் பார்த்தேன், ரேடியோவைப் பார்த்தேன். காருக்குள்ளும் ஒரு ரேடியோதானே இருக்கிறது. பாய் கையிலிருந்து வருகிற பேச்சை அது காற்றில் கேட்டுத்தான் சக்கரத்தைத் திருப்புகிறது. பாட்டு கேட்க முடியாமல் மணி தவிக்கிற மாதிரி, அதற்கு ஒரு விரல்கடை தள்ளி உட்கார்ந்துகொண்டு இந்த நாலாம் நம்பர் கத்தினால் அது எதைக் கேட்கும்?

எட்டாவது வரை படித்தவன் நான். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. காரைக் கையில் எடுத்துக்கொண்டு சந்து நடுவிலேயே நின்றுவிட்டேன். உடம்பு சரியில்லையா என்று மணி கேட்டான்.

அவனிடம் டிரான்சிஸ்டரைக் கெஞ்சி வாங்கி, எந்த ஸ்டேஷனும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தினேன். ஒரு சாண் தள்ளி வைத்து ஒவ்வொரு மோட்டாராக ஓட்டினேன். நாலாம் நம்பர் தகரக் கூரையில் கல் கொட்டின மாதிரி இரைந்தது. ஒன்றும் ஆறும் எண்ணெயில் கடுகு பொரிகிற சத்தம். மூன்றும் ஐந்தும் விட்டுவிட்டு வெடித்தன. இரண்டாம் நம்பரை ஓட்டினேன். ரேடியோவில் எங்கோ தூரத்தில் மழை பெய்கிற மாதிரி ஒரு சின்ன சத்தம், அவ்வளவுதான். வேகத்தில் அது மூன்றாவது. கண்ணைக் கிட்டே கொண்டுபோய்ப் பிரஷ் பக்கம் பார்த்தேன். மற்றதில் எல்லாம் நீலப் பொறி பறந்தது. இதில் ஊசிமுனை அளவுதான்.

அப்போதுதான் நான் வெட்டிப் போட்ட அந்த மூன்று பருப்பு ஞாபகம் வந்தது. அவை கண்டென்சர். பொறியின் சத்தத்தை வெளியே விடாமல் விழுங்குவதற்காகவே யாரோ யோசித்து வைத்தவை. மூடியிலிருந்து எடுத்து, பழைய மோட்டாரில் இருந்த தடம் பார்த்து இரண்டாம் நம்பரில் அப்படியே பற்றவைத்தேன். மழைச் சத்தமும் நின்றது. பிறகு ஒரே ஒரு டார்ச் செல்லில், கார்பன் பிரஷ் கம்யூட்டேட்டர் என்கிற செம்பு உருளையின் வளைவுக்குத் தேய்ந்து படியும்வரை அந்த மோட்டாரை ஒரு பகல் முழுக்க மெதுவாக ஓடவிட்டேன். வார்னிஷ் வாளியின் பக்கம் திரும்பவே இல்லை.

5. கருவாட்டுக் களம்

அந்தக் குப்பத்தில் மீன் காயவைக்கிற சிமெண்ட் களம் ஒன்றுதான் மேடு பள்ளம் இல்லாத இடம். அதைப் பார்த்துக்கொண்ட அஞ்சலை அக்கா கறாராகச் சொல்லிவிட்டார்: "பத்து மணிக்கு நெத்திலி பரப்பணும். அதுக்குள்ள உங்க வெளாட்ட முட்ச்சுக்குங்க."

இரண்டு மீன் கூடைகளைக் கவிழ்த்து வைத்து, அவற்றைச் சுற்றி எட்டுச் சுற்று. குப்பமே வந்து நின்றது. முதலாளியும் வந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை, காரையே பார்த்தார்.

கார்கள் கிளம்பியதும் சத்தம் அடங்கிவிட்டது. வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து வந்து, ரஹீம் பாய்க்கும் காருக்கும் நடுவில் கையை நீட்டி மேலும் கீழும் துழாவினார். "நூலு எங்க கீது அண்ணாத்த?" என்று என்னிடம் கேட்டார். இல்லை என்றேன். நம்பாமல் இன்னொரு தடவை துழாவினார். கடல் அவருக்குப் பின்னால் இருந்தது, அவர் அதைப் பார்க்கவில்லை.

சலீமின் கார் வேகம். முதல் சுற்றிலிருந்தே முன்னால் போனது. எங்கள் கார் பின்னால்தான். ஆனால் கூடையை ஒவ்வொரு தடவையும் ஒட்டியே திரும்பியது. தூரத்துக் கூடையிலும் ஒரு உதறல் இல்லை. பாய் விரலை அசைத்த கணம் அது திரும்பியது. கடைசியில் இரண்டு கார் நீளத்தில் தோற்றோம். பாய் வண்டியை அஞ்சலை அக்காவின் கால் விரலுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். அந்த அக்கா புடவையைத் தூக்கிக்கொண்டு ஒரு அடி பின்னால் போனார். குப்பம் சிரித்தது. நான் பாயைப் பார்த்தேன். அத்தனை பற்கள் அவருக்கு இருப்பதே அன்றுதான் தெரிந்தது.

சலீம் குனிந்து மச்சானின் காரைத் தூக்கினார். மேல் மூடியைக் கழற்றினார்.

"இது நான் வாங்கினு வந்த மோட்டாரு இல்லியே மச்சான்?"

பாய் என்னைப் பார்த்தார். முதலாளி கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான்தான் முன்னால் போனேன். "அது என் கையால கெட்டுப்போச்சுங்க. வார்னிஷ்ல முக்கிச் சுட்டுட்டேன். இது நான் பாத்து எடுத்தது."

சலீம் என்னையும் மோட்டாரையும் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். எப்படிப் பார்த்து எடுத்தாய் என்று கேட்டார். டிரான்சிஸ்டரைப் பையில் கொண்டுவந்திருந்தேன். களத்தின் ஓரத்தில் உட்கார்ந்து ஓட்டிக் காட்டினேன். அவருடைய காரையும் ஓட்டச் சொன்னேன். கடுகு பொரிந்தது. அவர் இரண்டையும் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டார். ரஹீம் பாய் பிரியாணி சட்டியோடு காத்துக்கொண்டிருந்தார். அஞ்சலை அக்கா நெத்திலிக் கூடையோடு காத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் ஒண்ணு இந்த மாரி பாத்துக் குடு," என்றார் சலீம். "வெள்ளிக்கெழமைக்குள்ள."

திரும்பும்போது பஸ்ஸில் முதலாளி என் பக்கத்தில் உட்கார்ந்தார். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நாளைக்கு வரப்போ அந்த டீக்கடக்காரன் ரேடியோவத் திருப்பிக் குடுத்துடு. நம்ம கடைக்கு ஒண்ணு வாங்கிக்கலாம்."

நாளைக்கு வரப்போ என்றார். நாளை திங்கட்கிழமை. நான் தலையை ஆட்டினேன்.

பிள்ளைகளே, அதற்குப் பிறகு முப்பது வருஷம் எத்தனையோ மோட்டார் பார்த்துவிட்டேன். எதைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் கேட்பது, இது எங்கே உட்காரப் போகிறது, பக்கத்தில் யார் இருப்பார்கள் என்பதுதான். நாலாம் நம்பர் கெட்ட மோட்டார் இல்லை. ஒரு விசிறியில் போட்டிருந்தால் நன்றாகவே ஓடியிருக்கும். ஆனால் காதை வைத்துக்கொண்டு காத்திருக்கிற ஒன்றின் பக்கத்தில் அதை உட்காரவைத்தது என் தப்பு. நீங்கள் எந்த வேலைக்குப் போனாலும் பழக்கம் முந்திக்கொண்டு கையை நீட்டும். அப்போது ஒரு நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு அந்தப் பொருளைப் பாருங்கள். அதற்கு என்ன வேலை என்று அதனிடமே கேளுங்கள். தெரியாவிட்டால், அதைக் கொண்டுவந்தவரிடம் கேளுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள். நான் கேட்காததால்தான் ஒரு நல்ல மோட்டார் உருகிப்போனது.