கழுவிக் காயவைத்த டாஸ்

இல்லத்தரசி என்ற உத்தியோகத்தில் சமையல் ஒரு சின்னப் பகுதிதான். வீட்டுக்காரர் ஆரம்பித்து வைத்ததை முடித்து வைப்பதுதான் முழுநேர வேலை. உங்கள் வீட்டில் அது பாதியில் நிற்கும் கோழிக்கூண்டாக இருக்கலாம், பிரித்துப் போட்ட மிக்ஸியாக இருக்கலாம். எங்கள் வீட்டில் அது கம்ப்யூட்டர்.

பாப்பிரெட்டிப்பட்டியில் ரேடியோ, டி.வி. ரிப்பேர் கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரருக்கு, ஊருக்குள் கம்ப்யூட்டர் பேச்சு வந்த வருஷம் ஒரு யோசனை உதித்தது. கம்பெனி கம்ப்யூட்டர் எதற்கு, பாகம் பாகமாக வாங்கி நாமே பூட்டி, முன் அறையில் வகுப்பு தொடங்கிவிடலாம். "நீதான் டீச்சர். கான்வென்ட் இங்கிலீஷு சும்மாதானே கெடக்குது" என்றார். கல்யாணமான புதிதில் எனக்குக் கிடைத்த டீச்சர் வேலைக்குப் போகக்கூடாது என்று சொன்னதும் இதே வாய்தான். இருந்தும் நம்பினேன். விஜயதசமியன்று திறப்பு. அதற்குள் மெஷின் ஓடினால் எனக்கென்று ஒரு வேலை. ஓடாவிட்டால் பழையபடி அடுப்படி.

அணையாத விளக்கு

பெங்களூரிலிருந்து பாகங்கள் என் பட்டுப் புடவைகளுக்குள் சுருட்டப்பட்டு பஸ்ஸில் வந்தன. சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பூட்டினார். டாஸ் என்று ஒரு ப்ரோகிராம். மெஷினுக்கு அதை முதலில் ஏற்றினால்தான் மற்றதெல்லாம். அது ஒரு ஃப்ளாப்பி தட்டில் இருந்தது. தட்டைச் செருகிய டிரைவில் விளக்கு எரிந்தது, எரிந்தது, அணையவே இல்லை. திரையில் எழுத்தும் இல்லை.

கூட வந்த புத்தகத்தை நான் படித்தேன். அந்த இங்கிலீஷை எங்கள் கான்வென்ட் சிஸ்டர்கள் பார்த்திருந்தால் எழுதினவனை பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார்கள். ஆனால் விஷயம் இருந்தது: டிரைவுக்குப் போகும் பட்டை ஒயரைத் தலைகீழாகச் செருகினால் விளக்கு அணையாது, சிவப்பு ஓரம் ஒன்றாம் நம்பர் பக்கம் இருக்க வேண்டும். சொன்னேன். ஒயர் செருக எனக்கே பாடமா என்று முறைத்துவிட்டுக் கடைக்குப் போனார். நான் ஸ்விட்சை அணைத்து ஒயரைத் திருப்பிச் செருகிவிட்டு ரசம் வைக்கப் போனேன். சாயந்திரம் வந்து போட்டுப் பார்த்தார். விளக்கு ஒழுங்காக எரிந்து ஒழுங்காக அணைந்தது. டாஸ் கேள்வி கேட்டது, தேதி என்ன என்று.

"பாத்தியா, பொருளு புதுசு. கொஞ்சம் ஆறப்போட்டா தானா சரியாவும்."

பொட்டு

மெஷினுக்கு உயிர் வந்துவிட்டது, பூஜை போடாமல் மேலே போகக்கூடாது என்றார். போடட்டும், யார் வேண்டாம் என்றது. திரைக்குச் சந்தனம், பெட்டிக்குக் குங்குமம், கீபோர்டுக்குச் சாமந்திப்பூ. அடுப்படியிலிருந்து கற்பூரத்தட்டோடு நான் வருவதற்குள் டாஸ் ஃப்ளாப்பியை உறையிலிருந்து எடுத்து, உள்ளே பழுப்பு நிறத்தில் தட்டு தெரியுமே, சரியாக அந்த இடத்தில் சந்தனத்தையும் குங்குமத்தையும் அப்பிவிட்டார். உறைக்கு வைத்தால் என்ன பலன், உள்ளே இருப்பதற்கல்லவா வைக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

மறுபடி செருகினதும் டிரைவ் கரகரத்தது. டேட்டா எரர் என்றது. நிறுத்தவா, திரும்பப் படிக்கவா என்று கேட்டது. அவர் திரும்பப் படி, திரும்பப் படி என்று ஆர் எழுத்தையே தட்டிக்கொண்டிருந்தார். எங்களிடம் இருந்தது அந்த ஒரே ஒரு டாஸ். குங்குமம் உள்ளே போய்விட்டது, பொட்டு வைத்ததுதான் கோளாறு என்றேன்.

"சாமிக்கு வெச்சது எப்பிடிக் கெடுதல் பண்ணும்? நீ சிஸ்டருங்ககிட்ட படிச்சவ, உனக்கு அப்பிடித்தான் தோணும்."

துவைத்தல்

பக்கத்துக் கடியாரக் கடை பாஷா பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். "கடியாரத்துல தூசி போனா நான் பெட்ரோல்ல கழுவுவேன் தங்கச்சி. இதை என்னாத்துல கழுவ?" என்றார். பெட்ரோல் இந்த பிளாஸ்டிக்கைத் தின்றுவிட்டால்? சந்தனம் தண்ணீரில் போகும், குங்குமமும் போகும். புடவைக் கறைக்கு என்ன செய்கிறோமோ அதுதான் என்று முடிவு செய்தேன்.

பாய் பிளேடால் ஃப்ளாப்பியின் ஓரத்தைக் கீறினார். உள்ளேயிருந்த வட்டத் தட்டை எடுத்து, காய்ச்சி ஆறிய தண்ணீரில், விரல் நகம் படாமல் அலசினேன். பழைய மல்துணியில் ஒற்றி, நிழலில் காயவைத்தேன். காலி ஃப்ளாப்பி ஒன்றைக் கீறி அதன் தட்டை எறிந்துவிட்டு, இதை அந்தச் சட்டைக்குள் போட்டு டேப் ஒட்டினோம். செருகினேன். படித்தது. மறு வேலை பார்க்காமல் உடனே இரண்டு நகல் எடுத்தேன்.

பாஷா பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "வூட்டுக்காரர்கிட்ட நான் கழுவுனேன்னு சொல்லிக்கோ தங்கச்சி. நீ கழுவுனேன்னா மறுபடி அழுக்காக்கிருவாரு."

மிளகாய்

இனி டாஸை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்ற வேண்டும். அதற்கு முன் டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும்; நெடுநேரம் பிடிக்கிற வேலை. பாதி வழியில் திரை சுருங்கும், எழுத்து ஆடும், மெஷின் செத்துப்போகும். மறுபடி முதலிலிருந்து. ஸ்டெபிலைசர் வைத்தும் அதேதான். ஹார்ட் டிஸ்க்கே ஓட்டை, பெங்களூருக்குத் திருப்பி அனுப்பப் போகிறேன், திறப்பு விழா தை மாதத்துக்கு என்றார் அவர். தை என்றால் அப்புறம் சித்திரை என்பார். ஒரு தடவை மெஷின் சாகிற நேரத்தில் எனக்குத் தும்மல் வந்தது. அடுத்த தடவையும் வந்தது. பக்கத்து மாவு மில்லில் மிளகாய் அரைக்க மோட்டார் போடுகிறார்கள். வோல்டேஜ் அங்கே போகிறது.

நேரே மில்லுக்குப் போய், ஒரு மணி நேரம் மோட்டாரை நிறுத்துங்கள் என்று மில்லுக்காரரிடம் கேட்டேன். வரிசையில் தூக்கோடு நின்ற பெண்கள் என்னையே பார்த்தார்கள்.

மில்லுக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். "உங்க வூட்டுக்காரரு வந்து சொன்னா நிறுத்தறனுங்க. பொம்பள சொல்லி மில்ல நிறுத்துனான்ற பேரு எனக்கு வாணாமுங்க."

ஆளில்லாத மதியம்

வீட்டுக்காரர் போய்க் கேட்பாரா? ஹார்ட் டிஸ்க் ஓட்டை என்று ஊரெல்லாம் சொல்லிவிட்ட பிறகு எப்படிக் கேட்பார். ஒரு மதியம் மில்லுக்காரர் பொம்மிடியில் ரயிலேற மில்லைப் பூட்டிக்கொண்டு போனார். சாதத்தை இறக்கி வைத்துவிட்டு ஃபார்மட் போட்டேன். எண்கள் மெதுவாக ஏறின. அடுத்த அறையில் வீட்டுக்காரரின் குறட்டை. ஃபார்மட் முடிந்தது, டாஸ் ஏறியது. ஃப்ளாப்பியை எடுத்துவிட்டு மெஷினை அணைத்து மறுபடி போட்டேன். தட்டே இல்லாமல் தானாக எழுந்து, சி என்ற எழுத்தோடு எனக்காகக் காத்து நின்றது. சொல்ல ஆளில்லை, பாத்திரம் கழுவப் போனேன்.

எழுந்து வந்தவர் லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தார். "வந்துருச்சா. நான்தான் அப்பவே சொன்னேனே வரும்னு. காபி போடு."

திறப்பு விழா

வகுப்பில் என்ன சொல்ல வேண்டும் என்று மனப்பாடமே செய்து வைத்திருந்தேன். விஜயதசமி காலையில் போர்டு வந்து இறங்கியது. ஆசிரியர் என்ற இடத்தில், சேலத்தில் ஏதோ கோர்ஸ் முடித்த அவருடைய அக்கா மகன் பெயர். கேட்டேன். "பொம்பள சொல்லிக்குடுத்தா யாரு வந்து சேருவாங்க? நீ கூடமாட இரு" என்றார். புதுச் சட்டையில் வந்த மருமகப்பிள்ளை "ஆசீர்வாதம் பண்ணுங்க அத்தை" என்று காலில் விழுந்தான். பண்ணினேன்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஊரே முன் அறையில் நின்றது. மருமகப்பிள்ளை மாஸ்டர் ஸ்விட்சைப் போட்டார். சிஸ்டம் இல்லாத தட்டு என்று திரை சொன்னது. அணைத்து மறுபடி போட்டார், அதையே சொன்னது. பூஜைக்கென்று யாரோ ஒரு காலி ஃப்ளாப்பியை டிரைவில் செருகி வைத்திருந்தார்கள். மெஷின் அதில் டாஸைத் தேடிக்கொண்டிருந்தது. காபித் தட்டோடு நின்ற இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. பேசாமல் அடுப்படிக்குப் போயிருக்கலாம். ஆனால் அந்த மெஷின் அத்தனை பேர் முன்னால் அவமானப்படுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. காபித் தட்டைக் கீழே வைத்து, ஃப்ளாப்பியை உருவி, ஒரு கீயைத் தட்டினேன். ஓடியது.

வீட்டுக்காரர் கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தார். "பாத்தீங்களா, நம்ம மெஷினு எவ்வளவு சுளுவுன்னு. வூட்டுப் பொம்பளைங்களே ஓட்டலாம்."

இந்த உத்தியோகத்தில் நமக்குச் சம்பளமும் இல்லை, போர்டில் பெயரும் இல்லை சகோதரிகளே, ஆனால் விளம்பரத்துக்கு மட்டும் நம்மை விட்டால் அவர்களுக்கு வேறு ஆள் இல்லை.