கவிழ்த்து வைத்த கிளாஸ்

கட்டாருக்குப் புறப்பட்டபோது என் பெட்டியில் சுவெட்டர்களும், ஒரு குரங்குக் குல்லாவும், கனத்த கம்பளியும் இருந்தன. சிரிப்பவர்கள் சிரிக்கலாம். இலங்கையில் லுணுகலைக்கு மேலே, பனி இறங்கும் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில் பிறந்து வளர்ந்தவளுக்குப் புது இடம் என்றாலே குளிர்தான் பயம். மகளுக்கு அப்போது ஏழு வயது. குளிர் பட்டால் மூச்சிழுப்பு வரும். வெயில் மனுசரை என்ன செய்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே பதில் கிடைத்துவிட்டது. தேயிலை ஃபெக்டரியில் டிரையர் கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அதே காற்று. ஃபெக்டரியிலாவது கதவைச் சாத்திவிடலாம். ஜூன் பிறந்ததும் குழாய்த் தண்ணீரும் கொதிக்கத் தொடங்கியது. மொட்டைமாடித் தொட்டியில் அது பகலெல்லாம் வெந்துகொண்டிருந்தது. தோட்டத்தில் மகளுக்கு வெந்நீர் வைக்க விறகுக்கு அலைந்தவள், இங்கே அவளைக் குளிப்பாட்ட முந்தின நாளே வாளியில் தண்ணீர் பிடித்து ஆறவைத்தேன். சுவெட்டர்களை அலுமாரியின் அடியில் ஒளித்தேன், மகள் கேலி செய்கிறாள் என்று.

என் கணவர் எங்களுக்கு முன்பே வந்து தனியாக இருந்தவர். நிலத்தடியில் குழாய் பதிக்கும் ஒரு கம்பனியில் சூப்பர்வைசர். அந்தச் சொல்லை லயத்தில் வீடு வீடாகச் சொல்லிவிட்டுத்தான் பதுளைக்கு வேன் ஏறினேன். அம்மா மட்டும் விடவில்லை.

"சூப்பர்வைசர்னா என்னடி செய்யணும்?"

"ஆளுகள வச்சு வேலை வாங்கணும்மா."

"அப்ப கங்காணின்னு சொல்லு."

எனக்குச் சுருக்கென்றது. வாழ்நாளெல்லாம் கொழுந்து பறித்தவள் அம்மா. மலையில் பின்னால் நின்று விரட்டும் கங்காணி யார் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "கண்டதையும் பேசாதம்மா" என்று அவள் வாயை அடைத்தேன்.

வெயில் உச்சத்திலிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, வார விடுமுறை நாள். கணவர் கடைக்குப் போயிருந்தார். மணி அடித்ததும் கதவைத் திறந்தேன். நடுத்தர வயதுக்காரர் ஒருவர் நின்றார். வியர்த்துக் காய்ந்து சட்டையில் உப்புப் பூத்திருந்தது. நெஞ்சோடு அணைத்தபடி ஒரு பெரிய வத்தகப்பழம்.

"அம்மா, ஐயா இருக்காங்களா?"

"கடைக்குப் போயிருக்காங்க. நீங்க யாருங்க?"

"ஐயாகிட்ட வேலை செய்ற ஆளுங்கம்மா. ஊரு ஹாலிஎல பக்கம்."

ஊர்ப் பேச்சைக் கேட்டதும் எனக்கு வாயெல்லாம் பல். "உள்ள வாங்கண்ணே, ஏசி ஓடுது, உக்காருங்க" என்றேன். என்னைவிட மூத்தவர் என்னை அம்மா என்றது அப்போதுதான் உறைத்தது.

"இல்லங்கம்மா, இப்படியே நிக்கிறேன்." பழத்தை வாசலில் இறக்கினார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கதவுக்கு வெளியே தள்ளி நின்றார். அவருக்கும் இதுதான் முதல் கோடை. "வெயிலு ஒத்துக்கலங்கம்மா. தலை சுத்தி குழிக்குள்ளயே விழுந்துட்டேன். ஸ்டோர்ல நெழல்ல ஒரு ஆளு வேலை செய்றாரு. ஐயா மனசு வச்சா என்னைய அங்க போடலாம். நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா…"

குளிர்ந்த தண்ணீர் கொண்டுவந்தேன், விருந்தாளிகளுக்கென்று வாங்கிய கிளாஸில். உதடு படாமல் அண்ணாந்து குடித்தார். கடைசி வாயை மிச்சம் வைத்து, அதில் கிளாஸை அலசி, மாடிப்படியோரச் செடித்தொட்டியில் ஊற்றினார். பிறகு குனிந்து, கிளாஸை வாசலோரம் கவிழ்த்து வைத்தார்.

அதை நான் எங்கே பார்த்திருக்கிறேன் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கங்காணி வீட்டுப் பின்வாசலில் பார்த்திருக்கிறேன். அம்மா ஒரு பை மேரக்காயோடு நிற்பாள். நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். குடித்த கோப்பையை நாமே அலசிக் கவிழ்த்துவிட்டு வர வேண்டும். கங்காணியம்மா அதைத் தனியாக எடுத்து வைப்பாள். அவளை வெறுத்ததுபோல் வேறு யாரையும் நான் அந்த வயதில் வெறுத்ததில்லை. இப்போது அவள் நின்ற பக்கத்தில் நான் நின்றேன். வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது. அவர் பழத்தை வாசலிலேயே விட்டுவிட்டுப் போனார்.

கிளாஸை நன்றாகத்தான் கழுவினேன். ஆனால் மற்றவற்றோடு அடுக்கக் கை போகவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் அம்மாவின் முதுகு நினைவுக்கு வரும் என்று தோன்றியது. கதவோரம் இருந்த செருப்புத் தட்டின் மேல் வைத்துவிட்டு வந்தேன்.

கணவர் பழத்தைப் பார்த்ததும் கோபப்பட்டார்.

"எல்லாருக்குந்தான் வெயிலடிக்குது. ஒருத்தன நெழல்ல போட்டா இன்னொருத்தன வெளிய போடணும். நெழல் என்ன, என் சட்டைப் பையிலயா இருக்கு?"

"ஊர்க்காரருங்க. குழிக்குள்ளயே செத்துக்கித்துப் போனா நிம்மதியா தூங்குவீங்களா?"

கணவர் சட்டையைக் கழற்றினார். அவர் கழுத்தும்தான் கருகிக் கிடந்தது. அதையும் நான் பார்த்தேன். நான் விடவில்லை. அந்த வாரமே ஹாலிஎலக்காரரை ஸ்டோருக்கு மாற்றியதாகச் சொன்னார். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. வத்தகப்பழத்தைக் குளிரவைத்து வெட்டினேன். மகள் சாறு வழியத் தின்றாள். கங்காணியம்மா செய்யாததை நான் செய்துவிட்டேனாம், அப்படி ஒரு பெருமை.

அடுத்த வெள்ளிக்கிழமையும் கணவர் வெளியே போயிருந்தார். மணி அடித்ததும் மகள் முந்திக்கொண்டு ஓடிக் கதவைத் திறந்தாள். கையில் ஒரு பை தோடம்பழத்தோடு இளைஞர் ஒருவர் நின்றார். உதடு வெடித்திருந்தது, நெற்றியில் தோல் உரிந்திருந்தது.

"அம்மா, நான் பசறைங்க. ஸ்டோர்ல இருந்த ஆளு நாந்தான். கிட்னில கல்லு இருக்குன்னு சொல்லித்தான் ஐயா அங்க போட்டாங்க. இப்ப வெளிய போட்டுட்டாங்க. நான் என்ன தப்பு செஞ்சேன்னு தெரியலங்கம்மா."

நிழலில் ஏற்கெனவே ஓர் ஆள் இருந்தார் என்று ஹாலிஎலக்காரர் என்னிடம் சொல்லியிருந்தார். கணவரும் சொல்லியிருந்தார். அது யார், ஏன் அங்கே இருக்கிறார் என்று நான் கேட்கவே இல்லை. ஊர், ஊர் என்று உருகினேனே, பசறை எங்கள் தோட்டத்துக்கு ஒரு பஸ் தூரம். "உள்ள வாங்க தம்பி" என்று சொல்லத்தான் நினைத்தேன்.

அதற்குள் மகள் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து வந்துவிட்டாள். செருப்புத் தட்டை எட்டிப் பார்த்துக் கேட்டாள்:

"அம்மா, ஆளுகளுக்குக் குடுக்குற கிளாஸ் இதுதானே?"

அது அந்தத் தம்பியின் காதில் விழுந்தது. அவர் முகம் மாறவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கதவுக்கு வெளியே இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.