பக்கத்தில் இல்லாத வரி

"வாஸ், வாஸ்ட், வாஸ்" என்று ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஓர் அக்கா தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் காலை ரயில் அது. பங்காரப்பேட்டையில் ஏறிய எனக்கு இடம் கிடைக்கவில்லை. அவள் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றிருந்தேன். வாய் சும்மா இருக்கவில்லை. "வேசு, வேசுத்ஸ், வேசும்" என்று மிச்சத்தை நான் சொல்லி முடித்துவிட்டேன். அக்கா திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அடிப்பாவி, நீதானா அது!" என்றாள். எதிர் சீட்டுக்காரர் எங்கள் இருவருக்கும் மறை கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பார். இடம் மாறி உட்கார்ந்துகொண்டார்.

விஷயம் இதுதான். ஒயிட்ஃபீல்டில் நாங்கள் வேலை பார்த்த கம்பெனி, பழைய ஐரோப்பியப் புத்தகங்களைக் கணினியில் ஏற்றிக் கொடுத்தது. ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக, வேறு வேறு மாடியில் உட்கார்ந்து டைப் அடிப்போம். பிறகு கணினி இரண்டையும் ஒப்பிடும். எங்கே வேறுபடுகிறதோ அங்கே யாரோ ஒருவர் கோட்டை விட்டிருக்கிறார் என்று அர்த்தம். இரண்டு பேரும் ஒரே தப்பை ஒரே இடத்தில் செய்ய மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் அந்தத் தொழிலே நடந்தது. அதனால் ஜோடி யாரென்று நமக்குத் தெரியக் கூடாது; என் ஜோடி இந்த அக்காதான் என்பது அன்று ரயிலில்தான் தெரிந்தது. மொழி தெரிந்த ஆளையும் எடுக்க மாட்டார்கள். தெரிந்தவர்களின் கை தானாகத் திருத்தத் தொடங்கிவிடுமாம். "பாக்கறத அடி, புரிஞ்சத அடிக்காத" என்று பயிற்சியின் முதல் நாளே சொல்லிவிட்டார்கள். எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பதற்காகச் சம்பளம் கொடுத்த ஒரே இடம் அதுதான்.

அந்தச் சமயம் வந்துகொண்டிருந்தவை பழைய ஜெர்மானிய மொழிகளின் இலக்கணங்கள். கோத்திக், பழைய ஆங்கிலம், பழைய சாக்சன். எதைத் திறந்தாலும் இந்த ஒரு வினைச்சொல் வந்து நிற்கும். இன்று ஆங்கிலத்தில் நாம் போகிற போக்கில் சொல்லும் 'வாஸ்' என்பதன் முப்பாட்டன். விளக்கங்கள் ஆங்கிலத்தில் இருந்ததால் வேண்டாம் வேண்டாம் என்றாலும் கொஞ்சம் மண்டையில் ஏறும். நிகழ்காலத்துக்கு வேறு வேர்களிலிருந்து சொற்களை எடுத்துக்கொண்டு, இறந்தகாலத்தை மட்டும் இந்தச் சொல்லிடம் விட்டுவிட்டார்களாம். இதன் வேருக்குத் தொடக்கத்தில் தங்குவது, ஓரிடத்தில் வாழ்வது என்று பொருளாம். ரயிலில் இதைச் சொன்னபோது அக்கா உதட்டைப் பிதுக்கினாள். "வீட்ல இருக்கேன்னா தங்கறது. நல்லா இருக்கேன்னா இது. ரெண்டுக்கும் ஒரே 'இரு'தான். நம்ம ஊர்ல கொழந்தகூடப் பேசுது. இதுக்கு எதுக்குடி இவ்ளோ தடி புக்கு?"

ஆனால் கோத்திக் அட்டவணையில் ஒரு வரிசை அவளுக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. ஒருவருக்கும் பலருக்கும் நடுவில், இரண்டு பேருக்கென்றே தனியாக வினைமுற்று இருந்தது. வேசு என்றால் நாம் இருவரும் இருந்தோம். "நீயும் நானும் இருந்தோம், நடுவுல வேற எவளும் இல்ல. அதுக்குன்னே ஒரு சொல்லு வெச்சிருக்கான் பாரேன்" என்பாள். அதற்கப்புறம் தினமும் எனக்கு இடம் பிடித்து வைத்தாள். யாராவது சண்டைக்கு வந்தால், "ஆளு வருது, பங்காரப்பேட்டைல ஏறும்" என்று கைப்பையைத் தூக்கி சீட்டில் வைத்துவிடுவாள்.

அக்காவின் அப்பா தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. பரம்பரையாகப் பௌத்தக் குடும்பம். "சின்ன வயசுல விகாரைல உக்காந்து பாலி சொல்லிச் சொல்லிப் பழக்கம். அர்த்தம் தெரியாத பாஷைன்னா வாயில தானா வந்து ஒட்டிக்கும்" என்பாள். கணவர் முன்பே இறந்துவிட்டார். கல்லூரியில் படிக்கும் ஒரே மகள். அந்தப் பெண்ணுக்கு முன்னால் தலைநிமிர்ந்து நடப்பதுதான் அவளுடைய ஒரே வீராப்பு. மகளிடம், "ஒங்கம்மா அடிச்ச புக்கு ஜெர்மனில இருக்கு" என்று பீற்றிக்கொண்டதை என்னிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

மாலூர் வரை ஒரு மொழி, தேவனகொந்தி வரை இன்னொரு மொழி என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்போம். பொழுது போக வேண்டுமே. அதுதான் வினையாகப் போயிற்று. ஒரு முறை, பள்ளிப் பிள்ளைகளுக்கான சுருக்கப் புத்தகம் ஒன்று வந்தது. அதில் அந்த இருவர் வரிசையை அச்சிடாமலே விட்டிருந்தார்கள். நான் என் மாடியில் உட்கார்ந்து, பழக்க தோஷத்தில், பக்கத்தில் இல்லாத அந்த வரியை அடித்தேன். அக்கா அவள் மாடியில் உட்கார்ந்து அதே வரியை அதே இடத்தில் அடித்தாள். கணினி ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, வேறுபாடு ஒன்றும் இல்லை என்றது.

கண்டுபிடித்தது ஜெர்மனியில் இருந்த வாடிக்கையாளர். இல்லாத வரியை இரண்டு பேர் எப்படி அடிக்க முடியும்? ஒருவரைப் பார்த்து ஒருவர் காப்பி அடித்தால்தான் முடியும். காப்பி அடித்தால் உடனே வீட்டுக்கு, அதில் பேச்சே கிடையாது. யார் என்று தெரியாவிட்டால் இரண்டு பேருமே. நான் அப்போது ஆறு மாதக் கர்ப்பம். என் வீட்டுக்காரருக்கும் அந்தச் சமயம் வேலை இல்லை. மேனேஜர் என்னைக் கூப்பிட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. அக்கா எனக்கு முன்னாலேயே போய், சீனியர் என்பதால் தனக்கு இருந்த அனுமதியை வைத்து என் கோப்பைத் திறந்து காப்பி அடித்ததாகச் சொல்லிவிட்டாள். நான் உண்மையைச் சொன்னேன். "மனப்பாடம் சார். ரெண்டு பேருக்கும் மனப்பாடம். ட்ரெயின்ல சொல்லிச் சொல்லி..." அவர் சிரித்துவிட்டார். "கோத்திக்கா? ட்ரெயின்லயா? ஆயித்தும்மா, முடிஞ்சு போச்சு, அவங்களே ஒத்துக்கிட்டாங்க. நீங்க போய் வேலையப் பாருங்க."

வாசலில் ஓடிப் போய்ப் பிடித்தேன். ஏன் இப்படிச் செய்தாய் என்று கத்தினேன். "வயித்துல புள்ளைய வெச்சிக்கிட்டு எவன் வாசல்ல போயி நிப்ப? மூடிக்கிட்டு உள்ள போ" என்றாள். அதோடு ஆட்டோ ஏறிவிட்டாள். பிறகு பொம்மசந்திராவில் பேக்கிங் வேலை கிடைத்து, அங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்கினாள். கொஞ்ச காலம் போனில் பேசினோம். என் மகன் பிறந்தபோது வந்து பார்த்தாள். அப்புறம் பேச்சு குறைந்தது. பெரிய காரணம் ஒன்றும் இல்லை. குழந்தை, ரயில், வேலை, அவ்வளவுதான்.

நான் இன்னும் அதே கம்பெனியில்தான் இருக்கிறேன். இப்போது என் ஜோடி ஒரு மென்பொருள். போன வாரம் பழைய ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் அக்காவின் படத்தைப் போட்டு, கீழே கைகூப்பிய பொம்மைகளை வரிசையாக வைத்திருந்தார்கள். பார்த்தேன். கையிலிருந்த பக்கத்தை அடித்து முடித்தேன். லீவு சொல்லிவிட்டு ரயில் ஏறினேன். ஜன்னலோரமே இடம் கிடைத்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பல் பிடுங்கிய பிறகு மரத்துப்போன கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பது மாதிரி, அழுகை வருகிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொண்டேன். வரவில்லை.

தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு. வாசலில் ஷாமியானா. பெரியவர்கள் பாலியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு ஓரமாக நின்றேன். படத்தில் மட்டும் பார்த்திருந்த மகள் என்னை அடையாளம் கண்டு, கையைப் பிடித்து உள் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறாளாம். அழுது அழுது குரல் போயிருந்தது.

"அக்கா, ரொம்ப நாளா ஒங்களப் பாத்துக் கேக்கணும்னு இருந்தேன். எங்கம்மா ஒங்க வேலையக் காப்பி அடிச்சதால ஒங்களுக்கும் கெட்ட பேரு. அவங்க சார்பா நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

மகளிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை அக்கா. சொல்லியிருந்தால் அந்தப் பெண் கம்பெனி வாசலில் வந்து சண்டை போட்டிருப்பாள், என் வேலை போயிருக்கும்.

"ஒங்கம்மா எதையும் பாத்து அடிக்கலம்மா" என்றேன். நடந்ததை முழுவதும் சொன்னேன். ரயிலில் ஒப்பித்தது, இரண்டு பேர் கையும் தானாகப் போனது, எனக்காகப் பொய் சொன்னது, எல்லாவற்றையும். அவள் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"திருட்டுத்தனம் பண்ணி வேலைய விட்டாங்கன்னு அப்பேர்ந்து நான் அவங்ககிட்ட மொகம் குடுத்துப் பேசினதில்லக்கா" என்றாள். "அதனாலதான் தனியா ரூம் எடுத்துப் போனாங்க. கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. சாப்ட்டியான்னு மட்டும் கேப்பாங்க."

வெளியே வண்டி வந்து நின்றது. யாரோ பெட்டியை மூடச் சொன்னார்கள். அவள் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள்.

"மாமா, மூடாதீங்க! நான் இன்னும் அம்மாகிட்டப் பேசல!"