நடக்க முடியாது என்ற நல்ல செய்தி

கோட்டைப்பட்டினம் கடைத்தெருவில் இருந்த டெலிபோன் "பூத்து"க்குள் நுழைந்து கண்ணாடிக் கதவைச் சாத்தினால், ஊதுபத்தி வாசனையும் முன்னால் பேசிவிட்டுப் போனவரின் வியர்வை வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறும். எட்டாம் வகுப்புப் படித்தபோது என் வாழ்நாளின் பெரிய பரீட்சையை அந்தப் பெட்டிக்குள் நின்றுதான் எழுதினேன், அதுவும் ஸ்பானிஷில். பெருமையடிக்கிறேன் என்றால், ஆமாம், பெருமைதான்.

சரக்குக் கப்பலில் சமையல் வேலை பார்த்த என் அத்தா, அதாவது அப்பா, ஸ்பெயின் நாட்டுத் துறைமுகம் ஒன்றில் ஏணியிலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். துபாயில் இருந்த அத்தாவின் அண்ணன், என் பெரியத்தா, போன் செய்து ஆஸ்பத்திரி நம்பரைக் கொடுத்தார், அங்குள்ள நர்சுகளுக்கு ஸ்பானிஷ் தவிர வேறு பாஷை தெரியாது என்றார், ஆள் நன்றாக இருப்பதாகவும் சொன்னார். அன்றிலிருந்து அம்மா சோற்றில் கை வைக்கவில்லை. காரணம் இருக்கிறது. ஆண்கள் கடல் கடந்து போன எங்கள் ஊரில், அங்கே என்ன ஆனாலும் வீட்டுக்கு முதலில் வரும் சேதி "நல்லா இருக்காங்க" என்பதுதான். அடுத்த தெரு மாமி ஒருவருக்கும் அப்படித்தான் சொன்னார்கள். மூன்றாம் நாள் அவர் கணவரின் மய்யித்தைப் பெட்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

"நல்லா இருக்காங்களான்னு மட்டும் கேக்காதே. என்ன முடியுது, என்ன முடியலைன்னு கேளு" என்றார் அம்மா.

அறந்தாங்கி "பிரௌசிங் சென்டரில்" ஒரு மணி நேரம் உட்கார்ந்து அந்த 'முடியும்' என்ற வினையைத் தேடிப் பிடித்தேன். நமக்கு யாரால் முடிந்தாலும் ஒரே முடியும்தான். அவர்களோ ஆளுக்கு ஆள் மாற்றுகிறார்கள். என்னால் என்றால் புவேதோ, உன்னால் என்றால் புவேதெஸ், அவரால் என்றால் புவேதே, நம்மால் என்றால் போதேமோஸ், உங்களால் என்றால் போதேயிஸ், அவர்களால் என்றால் புவேதென். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவந்து, தங்கச்சியையும் பக்கத்தில் உட்காரவைத்து, இரண்டு நாள் வாய்ப்பாடு மாதிரி கத்திக் கத்திப் படித்தேன். சாப்பிட, பேச, நடக்க என்ற மூன்று சொற்களையும் கூடச் சேர்த்துக்கொண்டேன். பக்கத்து வீட்டார் பயந்துபோய் எட்டிப் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம் அம்மாவும் நானும் பூத்துக்குள் நெருக்கி நின்று நம்பரைச் சுழற்றினோம்; நர்ஸ் போனை எடுத்தார். அத்தா பெயரைச் சொல்லி, சாப்பிட முடியுமா என்று கேட்டேன். "சி, புவேதே." முடியுமாம். பேச முடியுமா? அதற்கும் "புவேதே". அம்மாவின் முகம் கொஞ்சமும் இளகவில்லை. நடக்க முடியுமா என்றேன்.

"நோ. நோ புவேதே."

மறைத்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது; நானும் அந்த ஊர்ப் பிள்ளைதானே. பிறகு உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன்.

அம்மா என் கையை இறுகப் பிடித்தார். "முடியாதுன்னு சொல்லிட்டாளா? அப்ப மத்தது ரெண்டும் நெசந்தான் புள்ள."

அழுகையும் சிரிப்புமாக, பேச முடியுமென்றால் அத்தாவைப் பேசச் சொல் என்றார். எனக்குத் தெரிந்த 'பேச' என்ற ஒற்றைச் சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்லிக் கெஞ்சினேன். அந்த மகராசி புரிந்துகொண்டு போனைக் கட்டிலுக்கே கொண்டுபோனார்.

"யாருத்தா அது, நர்சம்மாவ மெரட்டுறது?" என்றது அத்தாவின் குரல்.

வெளியே நின்றவர்கள் கதவைத் தட்டியும் நாங்கள் அசையவில்லை. அன்று அம்மா இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். அத்தா கம்பு ஊன்றி ஊர் வந்து சேர்ந்து, ஆறே மாதத்தில் அந்தக் கம்பையும் தூக்கிப் போட்டார்.

இப்போது அந்தப் பூத்து இல்லை. கைப்பேசியிடம் தமிழில் சொன்னால் அதுவே ஸ்பானிஷில் பேசிவிடுகிறது. போகட்டும், அதற்கெல்லாம் எனக்கு வருத்தமில்லை. எங்கள் வீட்டிலிருந்து அன்றைக்கே தொலைந்துபோனது வேறொன்று: அதற்குப் பிறகு எங்களில் ஒருவரும் மற்றவரிடம், நல்லா இருக்காங்க என்று பொய் சொன்னதில்லை.