வெல்டர் செய்த தட்டு ஸ்டாண்டு

திருவொற்றியூரில் ஐந்து பேர் ஒரே அறையில் இருந்தோம். எங்களில் ஒருவர் கன்டெய்னர் பட்டறையில் வெல்டர். தீப்பொறி பட்டு இடது புருவம் பாதி கருகியவர். எந்த இரும்பைக் கண்டாலும் கட்டைவிரலால் விளிம்பைத் தடவிப் பிசிறு பார்ப்பார். எங்கள் கட்டிலைக்கூட விட்டதில்லை.

குழாயடியில் கழுவாத தட்டுகள் குவிந்து கிடக்கும். யாருடையது என்று தினமும் சண்டை. "ஒரே கலீஜா கீது" என்று அலுத்துக்கொண்டவர், கழிவுக் கம்பியில் ஐந்து கட்டம் வைத்த ஸ்டாண்டு ஒன்று செய்துவந்தார். ஆளுக்கொரு கட்டம், ஆளுக்கொரு பெயின்ட். அழுக்குத் தட்டு யாருடையது என்ற கேள்வியே இல்லாமல் போனது. சண்டையும் நின்றது.

பிறகு தட்டைப் போலவே, சோறு பொங்கவும் ஆளுக்கொரு குண்டான் வந்தது. அதுவரை ஒன்றாகப் பொங்கி, ஷிப்டு முடிந்து கடைசியாக வருபவருக்குச் சோறு மூடி வைப்போம். அந்த வழக்கமும் சத்தமில்லாமல் போயிற்று.

ஒரு மதியம் வேலை முடிந்து வந்தவர், தன் கட்டத்திலிருந்த தட்டை எடுத்து வெறுமனே விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"சாப்பிடலையாண்ணா?"

"இன்னாத்த சாப்புட்றது? கலீஜு போச்சு, சோறும் போச்சு. நாந்தான் நைனா பிரிச்சு வுட்டேன்."

"மறுபடி ஒண்ணா பொங்கலாமே."

"கேட்டுப் பாத்துட்டேன். நிம்மதியா கீறோம், வுட்ருன்றானுங்கோ."

அடுத்த மாதம் அறையைக் காலி செய்தார். ஸ்டாண்டை எடுத்துப்போகவில்லை.

கடற்காற்றில் எங்கள் ஜன்னல் கம்பியே இற்றுவிட்டது. அந்த ஸ்டாண்டில் மட்டும் இன்றுவரை துரு ஏறவில்லை.