முப்பத்தேழாம் ஆணி

போலந்துக்காரருடைய ஊரை நான் பார்த்ததில்லை. ஆனால் இரண்டு வருடம் அவருக்கு பிக்கப் ஓட்டியதில், அந்த ஊரில் எந்தத் தெரு எங்கே திரும்பும் என்பது வரை எனக்கு அத்துப்படி. துபாயைத் தாண்டி ராஸ் அல் கைமா மலைப்பக்கம் ஒரு கல் குவாரியில் எங்களுக்கு வேலை. மலையை வெடி வைத்துச் சரிப்பதற்கு அவர்தான் பொறுப்பு. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அவ்வளவுதான். வாயைத் திறந்தால் ஊர்க்கதை. எனக்கு எரிச்சலாக வரும், ஆனாலும் கேட்டுக்கொண்டேதான் ஓட்டுவேன்.

அவருடைய ஊர் நிலக்கரி மேல் உட்கார்ந்திருந்ததாம். பாட்டனுக்குப் பாட்டன் காலத்தில் தோண்ட ஆரம்பித்து, அடியில் இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டார்கள். அதனால் ஊரே கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. வரிசை வரிசையான செங்கல் வீடுகள், எல்லாமே ஒரு பக்கம் சாய்ந்தவை. சமையலறையில் பந்தை வைத்தால் தானாகச் சுவர் வரைக்கும் உருளும். மேசைக்காலுக்கு அடியில் கட்டை கொடுக்காவிட்டால் சூப் வழிந்துவிடும். காலையில் பெய்த பனி மதியத்துக்குள் கறுத்துப்போகும். ஆண்கள் என்னதான் சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் கண்ணோரத்தில் மை தீட்டிய மாதிரி கரி நிற்குமாம். பிறகு சுரங்கங்களை ஒவ்வொன்றாக மூடினார்கள். பையன்கள் ஜெர்மனிக்குப் போனார்கள், இவர் இங்கே வந்து சேர்ந்தார்.

அந்த ஊரிலிருந்து அவர் குவாரிக்குக் கொண்டுவந்தது ஒரே ஒரு பழக்கம்தான். ஓய்வு ஷெட்டில் ஒரு பலகை, அதில் வரிசையாக ஆணிகள், ஒவ்வோர் ஆணியிலும் நம்பர் அடித்த அலுமினியத் தகடு. பாறைப்பக்கம் வேலைக்குப் போகிறவன் தன் தகட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். வெளியே வந்ததும் திரும்ப மாட்ட வேண்டும். ஓர் ஆணி காலியாக இருந்தாலும் வெடி கிடையாது. "ஆள் பொய் சொல்லுவான், பலகை சொல்லாது" என்பார். அவருடைய ஊரில் கூடப்பிறந்தவனுடைய தகட்டைக்கூட யாரும் தொடமாட்டார்களாம். அவருடைய அப்பாவின் ஆணி மூன்று நாள் காலியாக இருந்ததாம். நாலாம் நாள் உடலை எடுத்த பிறகு அப்பாவின் கூட்டாளி அந்தத் தகட்டை வீட்டுக்கு எடுத்துவந்து கொடுத்தான். அம்மா அதைச் சமையலறையில் மாட்டினாள். வீடு வருடா வருடம் சாய்ந்தது. தகடு மட்டும் நேராகத் தொங்கியதாம்.

இதையெல்லாம் நாங்கள் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டோம். முன்பு துபாயில், அல் கூஸில் ஒரு கிடங்கில் இருந்தபோது, என் ஊர்ப்பக்கத்துக்காரன் ஒருவனும் நானும் ஒரே ரூம். டூட்டிக்கு நான் பிந்தினால் என் கார்டை அவன் பஞ்ச் பண்ணுவான், அவன் பிந்தினால் நான். அதற்குப் பெயர் நட்பு. குவாரிக்கும் சேர்ந்துதான் வந்தோம். அவன் துளை போடும் மிஷினில் ஹெல்ப்பர். தகடு நம்பர் முப்பத்தேழு.

ஆகஸ்ட் மாதம் அது. பன்னிரண்டரைக்கு வெயில் இடைவேளை, எல்லாரும் வெளியே வந்த பிறகுதான் வெடி. கடைசி டிரிப்பில் வண்டியில் நானும் அவனும் மட்டும். பாதி வழியில் அவன் சட்டைப்பையைத் தடவினான்.

"மாப்ள, நிறுத்து நிறுத்து. போனை மிஷின் மேலயே வெச்சிட்டு வந்துட்டன்டா."

"திரும்பி ஓட்டவா?"

"நீ போ, அந்தாளு கத்துவாரு. இந்தா, என்னோடதையும் சேத்து மாட்டிடு. பின்னாடியே வந்துடறன்."

தகட்டை என் மடியில் போட்டுவிட்டு இறங்கினான். நான் ஷெட்டுக்கு வந்து என்னுடையதை மாட்டினேன். முப்பத்தேழையும் மாட்டினேன். போலந்துக்காரர் பலகையை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். வந்து வண்டியில் ஏறி, "யல்லா, போகலாம்" என்றார். வெடியை இயக்கும் இடத்துக்கு ஓட்டினேன். அவன் அதற்குள் வந்திருப்பான் என்று நினைத்தேன் என்றுதான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். நான் அவனை நினைக்கவே இல்லை. ஏசிக் காற்றை முகத்துக்கு நேராகத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

சைரன் கேட்டதும் ஓடியிருக்கிறான். பாதித் தூரம் வந்திருக்கிறான். போன் கையில்தான் இருந்தது.

மறுநாள் ஷெட்டில் எல்லாரையும் நிறுத்தி, "முப்பத்தேழை மாட்டியது யார்?" என்று போலந்துக்காரர் கேட்டார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவனே மாட்டிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் மறுபடி உள்ளே போனான் என்று கம்பெனி காகிதம் எழுதியது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அன்றைக்கு எனக்கு நிம்மதியாக இருந்தது.

வெடிக்குப் பொறுப்பு அவர் என்று போலந்துக்காரரின் விசாவைக் கேன்சல் செய்தார்கள். ஏர்போர்ட்டுக்கு நான்தான் ஓட்டினேன். வழி முழுக்க ஊர்க்கதை ஒன்றுமில்லை. சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு ரவுண்டானாவிலும் நினைத்தேன். இறங்கும்போது அவர் பையிலிருந்து முப்பத்தேழாம் தகட்டை எடுத்து என் கையில் வைத்தார். "எங்கள் ஊரில் கூட்டாளிதான் கொண்டுபோய்க் கொடுப்பான்" என்றார். அவருக்குத் தெரியுமா, தெரியாதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

லீவில் அரியலூர்ப் பக்கம் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி தகட்டை வாங்கி முந்தானையால் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அவரே மாட்டிட்டுத் திரும்ப உள்ள போனாராமேண்ணே? ஏன் போனாரு? நீங்க கூடத்தான இருந்தீங்க?"

"தெரியலம்மா."

அவள் சுவரில் அவன் போட்டோவுக்குப் பக்கத்தில் இருந்த ஆணியைக் காட்டினாள். "எனக்கு எட்டாதுண்ணே. நீங்களே மாட்டிடுங்க."

மாட்டினேன். தகடு நேராகத்தான் தொங்கியது.