நாற்பத்திரண்டாவது பெயர்

இந்த ஊரில் எனக்கு இன்னும் பழகாதது குளிர் இல்லை, ஹெலன் தன் அத்தையை அறிமுகம் செய்யும் விதம். செவ்வாய்க்கிழமை மாலைகளில் எங்கள் இசை நாடகக் குழு தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில் ஒத்திகைக்குக் கூடும். புதிதாக யாராவது வந்தால் ஹெலன்தான் அழைத்துப்போய் எல்லோரையும் காட்டுவாள். அவள் வழக்கறிஞர், எங்கள் நாடகங்களில் கதாநாயகி. "இது ஆலன், இயக்குநர், பல் மருத்துவராக இருந்தவர். இது நிர்மலா, பட்டியலெல்லாம் இவளிடம். அதோ, அது என் அத்தை ஜீன், கழிப்பறை கழுவுவார், தேநீர் போடுவார்." எல்லாம் ஒரே மூச்சில், ஒரே குரலில். அத்தை என்னும் இடத்தில் குரல் தாழாது. ஜீன் ரப்பர் கையுறையைக் கழற்றாமலே கையை ஆட்டுவார். அந்த நிர்மலா நான்; இரண்டு வருடமாகப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும், கையில் இருக்கும் தாளில் எதையோ சரிபார்ப்பதுபோல நான் குனிந்துகொள்கிறேன்.

இது வடக்கு இங்கிலாந்தில் ஒரு சிறிய துறைமுக ஊர். பகலில் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் நான். மாலையில் இந்தக் குழுவின் மேடை மேலாளர். எந்த வரியில் எந்த விளக்கு, எந்தப் பொருள் எந்த மேசையில், யார் எந்தப் பக்கத்திலிருந்து நுழைவது என்பதெல்லாம் என் கோப்பில் இருக்கும். இங்கே யாருக்கும் சம்பளம் கிடையாது. நாற்காலி போடுவதற்கும் கோப்பை கழுவுவதற்கும் சுவரில் முறைப்பட்டியல் தொங்குகிறது. இதையெல்லாம் எங்கே கற்றாய் என்று ஆலன் ஒருமுறை கேட்டார். ஊரில் இதே மாதிரி ஒரு குழுவில் என்றேன். அதற்குமேல் சொல்லவில்லை.

அணுசக்தித் துறை ஊழியர்களுக்கான அணுபுரம் குடியிருப்பில் வளர்ந்தவள் நான். அப்பா டெக்னீஷியன். எங்கள் தெருவும் பக்கத்துத் தெருக்களும் சேர்ந்து வருடத்துக்கு ஒரு இசை நாடகம் போடும். மதுரைக்காரர்கள், கோயம்புத்தூர்க்காரர்கள், நாகர்கோவில்காரர்கள் எல்லோரும் ஆபீஸ் முடிந்து வந்து அட்டை வெட்டி, வண்ணம் பூசி, பாடிப் பழகுவார்கள். நடத்தியவர் வாசுகி மேடம். விஞ்ஞானி, பாட்டும் அவரே எழுதி ஆர்மோனியமும் அவரே வாசிப்பார். நான் கல்லூரி மூன்றாம் வருடம் படித்தபோது பட்டியல் வேலை என்னிடம் வந்தது. அந்த வருட நாடகம் காணாமல்போன ஒரு படகைப் பற்றியது. கதாநாயகிக்குப் பாட வராது. அவளுக்காகத் திரைக்குப் பின்னால் பாட இருந்த பெண்ணுக்கு, நாடகத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது டைபாய்டு. "பாட யாராவது தெரியுமா?" என்று வாசுகி மேடம் கேட்டார். எனக்கு அஞ்சலை சித்தியைத் தெரியும் என்று கையைத் தூக்கினேன். அதுவரை நான் செய்ததில் தப்பில்லை.

அஞ்சலை சித்தி அம்மாவின் தங்கை. கடப்பாக்கத்தில் வீடு; ஈசிஆர் கடற்கரைச் சாலையில் இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை. மறுநாள் ஷிப்ட் முடிந்த கையோடு பஸ் ஏறி நேராகக் கூடத்துக்கு வந்துவிட்டாள். எலுமிச்சம்பழம் தேய்த்தும் போகாத இறால் கவிச்சி கையில் இருந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா நாற்காலியைச் சற்று நகர்த்திக்கொண்டார். அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்டது, வேறு ஒன்றுமே நடக்கவில்லை. "யாரும்மா இவங்க?" என்றார் வாசுகி மேடம். "எங்க வீட்டுக்குத் தெரிஞ்சவங்க மேடம்" என்றேன். திரும்பி, "நீங்க உக்காருங்க" என்றேன். பிறந்ததிலிருந்து நீ, வா, போ என்று பேசியவளை முதல்முறையாக மரியாதையோடு கூப்பிட்டேன். சித்தி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "ஆமாங்க, தெரிஞ்சவங்கதான்" என்றாள். உட்கார்ந்து பாடினாள். நாற்காலியை நகர்த்திய அம்மாதான் முதலில் கைதட்டினார்.

வெளியே பஸ் ஸ்டாப்பில், "இன்னா மேடம், அடுத்த பஸ்ஸு எப்ப?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். விளையாட்டு என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அவள் என்னை நிம்மி என்று கூப்பிடவே இல்லை.

நிகழ்ச்சித் தாளுக்கான பட்டியலை எக்செலில் போட்டவள் நான். பெயர், வேலை, தெரு, உறவு என்று நான்கு கட்டங்கள். குடியிருப்பில் இருப்பவர்களும் அவர்கள் உறவினர்களும் மட்டும்தான் குழுவில் சேரலாம் என்பது அங்கே விதி. அதனால்தான் அந்த நான்காவது கட்டம். வாசுகி மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "அந்த அஞ்சலை நல்லாப் பாடுறாங்க. பேரு போடலாம்னு பாக்குறேன். வெளியாளுன்னா கமிட்டி ஒத்துக்காது. உங்களுக்கு ஏதாவது உறவு வருமா? தூரத்து உறவா இருந்தாக்கூடப் போதும்." இதைவிட இடம் கொடுத்துக் கேட்க முடியாது. "இல்ல மேடம்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. முதல் பொய்யோடு கணக்கு ஒத்துப்போகவேண்டும் என்ற பழக்கத்தில் சொன்னேன்.

நாடகத்தன்று பிற்பகல், இரண்டாம் காட்சி மாறும்போது கடல் வரைந்த திரை பாதியில் சிக்கிக்கொண்டது. இரண்டு பேர் ஏணியில் ஏறிக் கயிற்றோடு போராடினார்கள். என் தாளில் அதற்கு ஒரு வரியும் இல்லை. சித்தி மைக்கை எடுத்து ஒரு மெட்டை முனகத் தொடங்கினாள். கொஞ்சநேரத்தில் அதற்குச் சொற்களும் வந்தன. "அலையே போயிட்டு வா, வூட்டுல ஒல கொதிக்குது" என்று திரும்பத் திரும்ப. கயிறு விடுபடும்வரை பாடினாள். சபை அசையாமல் கேட்டது. முடிவில், வழக்கப்படி, குழுவில் இருந்த ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி மேடைக்கு அழைத்தோம். பெயர்களைப் படித்தவளும் நான்தான். நாற்பத்தொரு பெயர். சித்தி பக்கத் திரையின் ஓரத்தில் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். நாற்பத்தொன்றாவது பெயரைப் படித்துவிட்டுத் தாளை மடித்தேன். நிமிர்ந்தபோது அவள் அங்கே இல்லை.

அவள் சண்டை போடவில்லை, வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு வேலை கிடைத்தபோது, "எங்க மேடம் இஞ்சினியரு" என்று எல்லோரிடமும் சொன்னாள். விமான நிலையத்தில் "பாத்துப் போங்க மேடம்" என்றாள். அம்மா சிரித்தாள். சொந்தத்தில் எல்லோருக்கும் அது படித்த பெண்ணைச் சீண்டும் செல்லப்பெயர். அது என்னவென்று எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். அந்த நாடகம் நடந்து எட்டு வருடமாகிறது.

இந்த வருடம் இங்கே போடும் நாடகம் மீனவர்களின் மனைவிகளைப் பற்றியது. ஒரு காட்சியில் சக்கரம் வைத்த படகை உள்ளே தள்ளிவர நாற்பது நொடி பிடிக்கிறது. அந்த நேரம் மேடை இருட்டாக, வெறுமையாக இருக்கும். ஒரு ஒத்திகையில் நாற்பதை எண்ணுவதற்குப் பதிலாக அந்த மெட்டை முனகியிருக்கிறேன். ஹெட்செட்டில் மைக் திறந்திருந்தது. ஆலன் ஓடிவந்தார். என்ன அது என்றார். எங்கள் கடற்கரைப் பாட்டு என்றேன். "ஓ, பாரம்பரியப் பாடல். எத்தனை நூற்றாண்டு பழையது?" என்றார் கண்கள் விரிய. எட்டு வருடம் என்று சொல்லவேண்டிய இடம் அது. "சரியாகத் தெரியாது" என்று தலையாட்டினேன். அந்த நாற்பது நொடிக்கு அதையே வைத்தார்; சொற்களை நான் சொல்லிக்கொடுத்தேன். இரண்டே வாரத்தில் பாடகர்கள் "அலாயே, அலாயே" என்று பழகிவிட்டார்கள். ஜீன் தரையைத் துடைத்துக்கொண்டே அதைப் பாடுகிறார்.

அச்சுக்குப் போகும் முன் நிகழ்ச்சித் தாள் சரிபார்ப்புக்கு என்னிடம் வந்தது. "படகுப் பாடல்: மரபுப் பாடல், தமிழ்நாடு" என்று இருந்தது. அதற்கு நான்கு வரி கீழே, "கழிப்பறை, தேநீர்: ஜீன், ஹெலனின் அத்தை." சிவப்புப் பேனாவோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். திருத்தம் தர வியாழக்கிழமை வரை நேரம் இருந்தது. மறுநாள் காலை சித்திக்குப் போன் செய்தேன். அங்கே பிற்பகல். ஈசிஆர் காற்று போனுக்குள் அடித்தது.

"இன்னா மேடம், உங்க ஊர்ல மழையா?"

"சித்தி, அன்னிக்கு திரை சிக்கிக்கிச்சே, அப்ப ஒண்ணு பாடினியே."

"ரெண்டு பேரு கயித்துல தொங்கிகினு இருந்தாங்களே, அதா? அது பாட்டா? வாய்க்கு வந்தது."

"அத இங்க பாடுறாங்க. தாள்ல உன் பேரு போடணும்."

"பேரு சரி. பக்கத்துல ஒரு கட்டம் இருந்துச்சே, அதுல இன்னா போடுவீங்க?"

நிகழ்ச்சித் தாளை மேசைமேல் கவிழ்த்து வைத்தேன்.

"அந்தம்மா உறவான்னு உங்கள கேக்கசொல்ல தண்ணி குடிக்க வந்துகினு இருந்தேன். கதவாண்ட நின்னேன்."

"சித்தி, மன்னிச்சிடு."

"அத வுடுங்க. அங்க எழுதறது சுலபம் மேடம். அவங்களுக்கு கம்பெனி தெரியுமா, கவிச்சி தெரியுமா? அந்த வாசுகி மேடம் இன்னும் அங்கதானே கீறாங்க?" பஸ் வந்துவிட்டது என்று வைத்துவிட்டாள்.

வெளியூர் வந்தால் மனம் விரிந்துவிடும் என்று நம்மில் பலர் எழுதுகிறோம். நானும் அப்படி ஒரு கட்டுரைக்குக் குறிப்பு எடுத்து வைத்திருந்தேன். சித்தி சொன்னது வேறு. என் சித்தியைச் சித்தி என்று சொல்லும் தைரியம் எனக்கு இங்கே வரவில்லை. இங்கே அதற்குத் தைரியமே தேவைப்படவில்லை. நாற்காலியை நகர்த்த யாரும் இல்லாத ஊரில் உண்மை சொல்வதை நான் பெரிதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இங்கிலாந்துத் தாளில் அன்றே திருத்தினேன். ஆலன் "பாட்டுக்காரர் உயிரோடு இருக்கிறாரா!" என்று மகிழ்ந்துபோனார். அதற்குப் பிறகு பழைய எக்செல் கோப்பைத் தேடி எடுத்தேன். நாற்பத்தொன்றுக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன். அஞ்சலை, பின்பாட்டு, கடப்பாக்கம், நிர்மலாவின் சித்தி. குடியிருப்பு நாடகக் குழுவின் வாட்ஸ்அப்பில் நான் இன்னும் இருக்கிறேன். அன்று கேட்டபோது பொய் சொன்னேன் என்று இரண்டு வரி எழுதி, பட்டியலையும் போட்டேன். அனுப்பும் முன் கைகளை முகர்ந்து பார்த்தேன், எதற்கென்று தெரியவில்லை.

மறுநாள் காலை வாசுகி மேடம் பதில் போட்டார். "அப்பவே சொல்லியிருந்தா மேடையில ஏத்தியிருப்போமேம்மா." அவ்வளவுதான். அடுத்த பத்தாவது நிமிடம் யாரோ காலை வணக்கப் படம் போட்டார்கள். யாரும் எதையும் நகர்த்தவில்லை. அதை என்னால் இன்னும் தாங்கமுடியவில்லை.

சித்திக்கு அந்தப் பட்டியலைப் படமெடுத்து அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துக் குரல் செய்தி வந்தது. "பாத்தேன் மேடம். எழுத்து பொடிசா கீது. வந்து நீயே படி. எல்லாரும் இருக்கசொல்ல படி." மேடம் என்றும் நீ என்றும் ஒரே மூச்சில் சொல்லியிருந்தாள். பலமுறை கேட்டுவிட்டேன்.

மேடை மேலாளரின் ஹெட்செட் ஒரு காதை மட்டும்தான் மூடும். மறு காது மேடைக்குத் திறந்திருக்க வேண்டும். முதல் காட்சியன்று பக்கத் திரையின் ஓரத்தில், சித்தி அன்று நின்ற மாதிரி இடத்தில் நின்றேன். இருட்டில் படகு உருளத் தொடங்கியது. நாற்பது நொடி ஆன பிறகும் "அலாயே" என்று பாடிக்கொண்டிருந்தார்கள். மூடிய காதில், படகு வந்துவிட்டது, விளக்கைப் போடச் சொல் என்று ஆலன் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். திறந்த காதில் அந்தப் பாட்டு இன்னும் முடிந்திருக்கவில்லை.